நந்தி வரைக்கும்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எதுவும் வராது.

1. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நேரத்தில் எங்கள் அக்ரஹாரத் தெருவுக்குள் ஃப்ளூ காய்ச்சல் நுழைந்தது. ஒரு வீட்டையும் விடவில்லை.

2. எனக்கு வந்தது. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் வந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்பது முடிவாகவில்லை. அவர் பால் பூத்தைச் சொன்னார். நான் என் ஆபீஸ் ஏசியைச் சொன்னேன்.

3. இருவருக்கும் காய்ச்சல் விட்டது.

4. விட்ட கையோடு மாமா சாமுண்டி மலைப் படி ஏறப்போவதாக அறிவித்தார்.

5. ஃப்ளூ வந்தவர்களில் யாருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று மருத்துவமனைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கும் மென்பொருளில் வேலை செய்பவள் நான். அந்தத் தகுதியில் அவரைத் தடுத்தேன்.

6. தடுக்க முடியவில்லை. ஆகவே அவரைக் கவனித்துக்கொள்ள நானும் கூடவே போனேன்.

7. முதலில் உட்கார்ந்தது நான்.

இதில் ஏழாவதை ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர். ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து, ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டவர். வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி, எழும் ஓசையை வைத்து விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில்தான் அவருடைய வேலை தொடங்கியது. பிறகு பதவி உயர்ந்து, தட்டுகிறவர்களை மேற்பார்வையிட்டார். சுத்தியல் கையைவிட்டுப் போனது. பழக்கம் போகவில்லை.

தேங்காயையும் தர்பூசணியையும் எல்லோரும் தட்டுவோம். மாமா கேஸ் சிலிண்டரைத் தட்டுவார். எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தபோது, கொண்டுவந்த ஆட்கள் போகும்முன் கேட்டைத் திறந்துகொண்டு வந்து அதன் முதுகைத் தட்டிக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, எடுத்துக்கலாம்" என்றார். அப்பா ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார். நான் வாங்கிய ஹெல்மெட்டை என் தலையில் இருக்கும்போதே தட்டினார். உள்ளே எனக்கு மணி அடித்தது போலிருந்தது. "ஹெல்மெட் நல்லா இருக்கு" என்றார். உள்ளே இருப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

உட்காரும் முன் தட்டுவதுதான் அவருடைய தனி முத்திரை. நாற்காலியோ, பெஞ்சோ, பஸ் சீட்டோ, விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து ஒரு கணம். பிறகுதான் உட்காருவார். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஆட்கள் முண்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தச் சடங்கு நடக்கும். பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஒருமுறை கோயில் பிரகாரத்தில் தரையில் உட்காரப் போனவர், பழக்க தோஷத்தில் கல்தரையையும் தட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், சொன்னார்: "பூமி தாங்குமான்னு பாக்கறார். தாங்கும். இவரையே இத்தனை வருஷமா தாங்கலியா?"

"எதுக்கு மாமா இது?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"வாயைக் கேட்டா பொய் சொல்லும் பாப்பா. தட்டினா சொல்லாது."

நான் அப்போது பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்து, நோயாளிகளிடம் மென்பொருள் கேட்கவேண்டிய கேள்விகளைத் தயாரிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். வாயைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொருள்களுக்குச் சுத்தியல் என்றால், மனிதர்களுக்கு அவர் வைத்திருந்தது சாமுண்டி மலை. மைசூரில் இது அவர் ஒருவருடைய நம்பிக்கை மட்டுமல்ல. இங்கே ஒருவர் உடம்பு சரியாகிவிட்டது என்பதை டாக்டர் சொன்னால் பாதி நம்புவார்கள். "மெட்லு ஹத்தி பந்தே" என்று, அதாவது படி ஏறிவிட்டு வந்தேன் என்று அவரே சொன்னால் முழுசாக நம்பி, அத்துடன் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆயிரம் படி என்பது கணக்கு. ஏறி முடித்தவனுக்கு இதயத்தில் என்ன கோளாறு இருக்க முடியும் என்பது வாதம். எங்கள் தெருவில் வாக்கிங் போகிற பெரியவர்கள் பாதிப் பேர் இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். மாமா அதை ஒவ்வொரு நோய்க்குப் பிறகும் புதுப்பித்துக்கொள்வார்.

டைபாய்டு வந்து எழுந்தபோது ஏறினார். கண்ணில் புரை எடுத்தபோதும் ஏறினார். கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டதற்கு, "இறங்கும்போது படி தெரியணுமே சார்" என்றார். அத்தைக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிச் சில மாதம் கழித்து அத்தையையும் ஏற்றினார். "பாதி வழியில திரும்பிப் பாத்தேன்" என்று அத்தை இதை எல்லோரிடமும் சொல்வார். "டவுன் மொத்தமும் தெரிஞ்சுது. அதுல எங்கம்மா வீட்டுக்குப் போற பஸ்ஸும் தெரிஞ்சுது. ஏறிப் போயிருக்கணும்."

மலைக்கு அவர் அழைத்துப் போனவர்களில் முக்கியமானவர் மாப்பிள்ளை. மகளைப் பெண் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்த பையன். காபி, கேசரி எல்லாம் ஆனபிறகு, "சாயங்காலம் சும்மா ஒரு நடை போய்ட்டு வரலாமா தம்பி?" என்று கூட்டிக்கொண்டு போய்ப் படியடியில் நிறுத்தினார். பையன் வங்கி வேலைக்காரன். கும்பகோணம் தட்டையான ஊர். முக்கால் வழியில், பெரிய நந்தி சிலை இருக்கும் இடத்தில் பையன் உட்கார்ந்துவிட்டான். சட்டை நனைந்திருந்தது. "மாமா, என்னால முடியல. தப்பா நினைச்சுக்காதீங்க. ரோடு இங்க வருது, நான் ஆட்டோல இறங்கிடறேன்" என்றான்.

வீட்டில் எல்லோரும் சம்பந்தம் அறுந்தது என்றே நினைத்தார்கள். மாமா திரும்பி வந்து, "பையனைப் பேசி முடிச்சிடலாம்" என்றார்.

"ஏறவே முடியாத பையனா?" என்று அத்தை.

"ஏறாதவன் ஆயிரம் பேர் இருக்கான். பொண்ணு குடுக்கற வீட்டு ஆளு முன்னாடி முடியலன்னு வாய்விட்டுச் சொன்னவன் இவன் ஒருத்தன்தான். நாளைக்கு இவன்கூட வாழறவளுக்கு அதுதான் வேணும்."

இதே மனிதர் தன் வாயால் முடியவில்லை என்று சொல்லி அத்தையோ நானோ கேட்டதில்லை. மற்றவரிடம் மதித்த ஒன்றை அவர் தனக்கென்று வாங்கி வைத்துக்கொள்ளவே இல்லை.

இனி, நான் அவரைத் தடுத்த விதம்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. மூன்று பகுதிகள்: அறிவு, அச்சம், அத்தை. முதல் இரண்டையும் நான் பார்த்துக்கொள்வதாகவும், தோற்றால் மூன்றாவதை இறக்குவதாகவும் ஏற்பாடு. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். நானும் இருமிக்கொண்டிருந்தேன். ஒருவர் இருமி முடிக்க மற்றவர் காத்திருந்து பேசினோம்.

ஃப்ளூ நெஞ்சுச் சளியோடு முடிகிற விஷயம் இல்லை என்று ஆரம்பித்தேன். கிருமியோடு சண்டை போடும்போது உடம்பு முழுக்க அழற்சி உண்டாகிறது. ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறைகிறது. இதயம் வேகமாக ஓடுகிறது. ரத்தக் குழாயில் பல வருடமாகச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த கொழுப்பு அப்போது வெடித்து அடைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் விட்டாலும் இந்த ஆபத்து உடனே விடாது. முதல் சில நாள் அதிகம், பிறகு மெல்லக் குறையும். அழகாகச் சொன்னேன். ஆபீஸில் இதற்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது.

பிறகு கேள்விகள்.

"வயசு அறுபத்தஞ்சு தாண்டியாச்சா மாமா?"

"தாண்டியாச்சு."

"சர்க்கரை?"

"இருக்கு. அடக்கி வெச்சிருக்கேன்."

"யாரு? இவரா?" என்று சமையலறையிலிருந்து அத்தை. "நேத்து மைசூர்பாக் டப்பா தானா காலியாச்சு போல."

"பிரஷர்?"

"மாத்திரை போடறேன்."

"காய்ச்சல்ல போட்டீங்களா?"

"சோறே இறங்கல. சாப்பிட்டப்புறம் போடற மாத்திரையை எப்படிப் போடறது?"

நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

"சிகரெட்?"

"விட்டாச்சு."

"எப்போன்னு கேளு" என்றார் அத்தை.

"அப்பாவுக்கு இதயக் கோளாறு உண்டா?"

"திடீர்னு போனார். எதுல போனார்னு அந்தக் காலத்துல யார் பாத்தா?"

"ஃப்ளூ தடுப்பூசி போட்டீங்களா?"

"அதை யார் தட்டிப் பாத்தா?"

"நெஞ்சு வலி?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"உக்காந்துட்டுத்தானே இருக்கேன், எதுக்கு வாங்கும்? ஏறினாத்தான் தெரியும். அதுக்குத்தான் ஏறணும்ங்கறேன்."

திரை சிவப்பானது. எங்கள் மென்பொருளில் சிவப்பு சாதாரணமாக வராது. எனக்குள் கொஞ்சம் பெருமை கூட வந்தது, வேலை செய்கிறதே என்று. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"டாக்டரைப் பாக்கணும், ஈசிஜி எடுக்கணும், அவர் சரின்னு சொல்ற வரைக்கும் மலை கிலை ஏறக் கூடாதுன்னு அர்த்தம்."

மாமா லேப்டாப்பின் மூடியை இரண்டு தட்டுத் தட்டினார். "இந்த மெஷினை யாரு செக் பண்ணா?"

"நான்தான் மாமா."

"உன்னை?"

என் மேனேஜர் என்று பதில் இருந்தது. அவர் செக் பண்ணும் அழகை நான் பார்த்திருப்பதால் சொல்லவில்லை.

"ஓடாத வண்டியில என்ன கோளாறுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார் மாமா. பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டது போல, "சரி, இவ்ளோ தூரம் சொல்றே. நாளைக்குப் போகல" என்றார். நான் நிமிர்ந்தேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, கூட்டமா இருக்கும். சனிக்கிழமை போறேன்."

மூன்றாம் பகுதியை இறக்கினோம். அத்தை அவருடைய கேன்வாஸ் ஷூவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தார். மாமா, "கோயில் படியில யாராவது செருப்பு போட்டு ஏறுவாங்களா?" என்று வெறுங்காலோடு கிளம்பினார்.

ஆக, சனிக்கிழமை காலை என் ஸ்கூட்டரில் பின்னால் அவரை உட்கார வைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். என் முதுகுப் பையில் இருந்தவை: விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி, ரத்த அழுத்தக் கருவி, அதற்கு மாற்று பேட்டரி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பிஸ்கட், அவருடைய மருந்துச் சீட்டின் நகல், அருகிலுள்ள மூன்று மருத்துவமனைகளின் எண்கள், ஒரு குடை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. இவை அனைத்தையும் தூக்கிக்கொண்டு ஏறப்போவது, அதே ஃப்ளூவிலிருந்து அதே வாரம் எழுந்த, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி என்பதை. என் கேள்விகளை நான் என்னிடம் கேட்டுப் பார்க்கவில்லை. இளவயது என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மற்றதைத் தாண்டிவிட்டேன்.

சாமுண்டி படிகளில் வேண்டுதல் இருப்பவர்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறுவார்கள். அன்று எனக்குப் பின்னால் அப்படி ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் பக்கத்தில் வந்தாள். பிறகு எனக்கு முன்னால் போய்விட்டாள். ஒவ்வொரு படிக்கும் குனிந்து, நிமிர்ந்து, குனிந்து. அவள் இட்ட குங்குமத்தை மிதிக்காமல் ஏறுவது எனக்கு மேலும் ஒரு சிரமமாயிற்று.

முதல் நிறுத்தத்தில் மாமாவின் விரலில் கருவியை மாட்டினேன். அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். எண் நன்றாகவே இருந்தது. "இப்ப உனக்கு" என்று என் விரலில் மாட்டினார். அவருடையதைவிடக் குறைவாக இருந்தது. பேட்டரி போயிருக்கும் என்றேன். மாற்று பேட்டரி ரத்த அழுத்தக் கருவிக்கானது என்பதால் நிரூபிக்க முடியவில்லை.

இரண்டாவது நிறுத்தத்தில் நான் பேசுவதை நிறுத்தினேன். அவர் பேசிக்கொண்டே வந்தார். குரங்குகளைப் பற்றி, படிக்கட்டின் கல்லைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி. கொஞ்ச நேரம் கழித்து அவரும் பேசவில்லை. அதை நான் கவனித்தேன் என்று சொல்ல ஆசை. கவனிக்கவில்லை. என் காதில் என் மூச்சு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

நந்தி இருக்கும் இடத்துக்கு வந்தபோது என் கண்ணில் பூச்சி பறந்தது. அங்கேதான் தார்ச்சாலையும் வந்து சேரும். கார்களும் ஆட்டோக்களும் நிற்கும். அதற்கு மேலே மீண்டும் படிதான், வண்டி வழி தனி. நந்தியின் முன்னால் கற்சுவர் ஓரமாக நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதையான சொல்.

"மாமா, எனக்கு முடியல" என்றேன்.

"என்ன இன்ஜினியரம்மா! செக் பண்ண வந்தவ நீ."

"முடியல மாமா. நீங்க வேணா ஏறுங்க." இதை நான் சொன்னேன். அவரைப் பார்த்துக்கொள்ளப் போனவள்.

குங்குமப் பெண் ஓடி வந்தாள். "ஏனாயித்தம்மா? கூத்கோ, கூத்கோ, நீரு குடி" என்று, அதாவது என்ன ஆச்சு, உட்காரு, தண்ணீர் குடி என்று, தன் பாட்டிலை நீட்டினாள். இளநீர்க்காரர் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். என்னைச் சுற்றிச் சின்னக் கூட்டம். எல்லோரும் எனக்கு விசிறினார்கள்.

மாமா மேலே போகும் படிகளை ஒருமுறை பார்த்தார். தனக்காக என்றால் போயிருப்பார். "சின்னப் பொண்ணை விட்டுட்டு எங்க போறது" என்று முணுமுணுத்துக்கொண்டு என் பக்கத்தில் சுவர் மேல் உட்கார்ந்தார்.

இளநீர் பாதி இறங்கியதும் எனக்கு மூளைக்கு ரத்தம் திரும்பியது. ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. என் கேள்விகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன்.

"மாமா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு?"

"ஏறினா வாங்கத்தான் செய்யும். உனக்கு வாங்கலியா?"

எல்லாப் பதிலும் பச்சை. காற்று குளிர்ச்சியாக வீசியது. அவர் நெற்றி வேர்த்திருந்தது, எனக்கும்தான் வேர்த்திருந்தது. கீழ்த்தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பல் என்றார்.

அப்போதுதான் பிடிபட்டது.

"மாமா, நீங்க தட்டாம உக்காந்துட்டீங்க."

அவர் தன் கைக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இத்தனை வருடத்தில் அவர் தட்டாமல் உட்கார்ந்த முதல் இடம் அது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். மெதுவாகக் கையை மடக்கி, தட்டப் போனவர் போல, பாதியில் விட்டுவிட்டார்.

"ஆமா இல்ல?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் நந்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் கொஞ்சம் முடியல பாப்பா."

நான் எழுந்துவிட்டேன். கால் எப்படி வந்தது என்று தெரியாது. குங்குமப் பெண் ஆட்டோவைக் கூப்பிட, இளநீர்க்காரர் தோள் கொடுக்க, ஏற்றினோம். இதில் ஒரு குழப்பம் நடந்தது. ஆட்டோக்காரர் நோயாளி நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். "தாத்தா, நீவு முந்தே கூத்கொள்ளி, மேடம் மலகலி" என்று மாமாவை முன் சீட்டுக்கும் என்னைப் பின்னால் படுக்கவும் அனுப்பப் பார்த்தார். நோயாளி அவர்தான் என்று நான் கன்னடத்தில் கத்தியதற்கு, மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கும்தான் பாருங்க" என்றார். மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி கொண்டுவந்தவரும் நேராக என்னிடம்தான் வந்தார். என் முகம் அந்த நிறத்தில் இருந்திருக்கிறது.

ஈசிஜியைப் பார்த்ததும் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மாரடைப்பு. ஒரு குழாய் அடைத்திருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள்.

டாக்டர் வெளியே வந்து விவரம் கேட்டார். நான் ஒப்பித்தேன்: வயது, சர்க்கரை, அழுத்தம், புகைத்த பழக்கம், தந்தையின் திடீர் மரணம், அண்மையில் ஃப்ளூ, தடுப்பூசி இல்லை, காய்ச்சல் நாட்களில் மாத்திரை விட்டது. ஒரு காற்புள்ளி பிசகவில்லை.

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார்."

"இவ்வளவும் தெரிஞ்சு ஏன் மலை ஏற விட்டீங்க?"

அந்தக் கேள்வி எங்கள் மென்பொருளில் இல்லை.

குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முழுக்க அத்தை வெளியே ஒரு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அது எனக்கு ஈசிஜியைவிடப் பயமாக இருந்தது. கும்பகோணத்திலிருந்து மகளும் மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டார்கள் என்றேன். தலையாட்டினார். அவர் முடியலன்னு சொன்னார் அத்தை, அதனாலதான் கூட்டிட்டு வர முடிஞ்சுது என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"அவரா? அவர் வாயாலயா?"

"ஆமா."

"அப்ப நிஜமாவே சீரியஸ்தான்" என்று அத்தை அழ ஆரம்பித்தார்.

மறுநாள் வார்டுக்கு மாற்றியபின் எங்களை உள்ளே விட்டார்கள். மாமா கண் மூடியிருந்தார். கையில் ஊசி, மார்பில் ஒயர்கள். நாங்கள் கால்மாட்டில் நின்றோம். அவருடைய வலது கை போர்வையிலிருந்து வெளியே வந்து, கட்டிலின் பக்கக் கம்பியைத் தேடியது. விரலை மடக்கி இரண்டு தட்டு. தலை லேசாகச் சாய்ந்தது.

"வந்துட்டார்" என்றார் அத்தை.

தெருவில் கதை வேறு மாதிரி பரவியது. நான் வேண்டுமென்றே மயக்கம் வந்தவள் போல நடித்து, வண்டி வரும் இடமாகப் பார்த்து அவரை உட்கார வைத்துவிட்டேன் என்று. அத்தை தொடங்கிவைத்ததா, அம்மா பெருமைக்குச் சேர்த்ததா, தெரியாது. "படிச்ச பொண்ணோட புத்தி பாரு" என்றார்கள். நான் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். நடிக்கவில்லை, நிஜமாகவே முடியவில்லை, அவரை மேலே போகச் சொன்னதே நான்தான் என்று. அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல அடக்கம் கூடிக்கொண்டே போனது.

நம்பியவர் ஒருவர்தான். அத்தை யாரிடமோ இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா சாய்வு நாற்காலியிலிருந்து குறுக்கிட்டார். "இல்லடி. அவ மூச்சை நான் கேட்டேன். நடிப்பு இல்ல. பாவம், ரொம்ப மோசமான சத்தம்."

ஆபீஸில் நான் ஒரு புதுக் கேள்வியை முன்வைத்தேன். வழக்கமாகச் செய்கிற எதையாவது இவர் இன்று செய்யாமல் விட்டாரா, வீட்டில் இருப்பவர்களைக் கேட்கவும். மேனேஜர் இதற்கு ஆம், இல்லை என்று கட்டம் போட முடியாதே என்றார். பிறகு என் மனம் நோகாதிருக்க, கடைசிப் பக்கத்தில் கட்டாயமில்லாத பகுதியில் சேர்த்தார்கள். நான் பார்த்தவரை அதை நிரப்பியவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "குளிக்கவில்லை."

இப்போதைய நிலை இது. மாமாவும் அத்தையும் மகளோடு கும்பகோணத்தில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள். நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். மாமா வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார். ஊசி மருந்துக் குப்பியை நர்ஸ் தட்டிவிட்டுத்தான் ஏற்றுகிறாள் என்பதைப் பார்த்தபிறகு அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அங்கே மலை கிடையாது. சுவாமிமலை உண்டு, அது கட்டுமலை, அறுபது படி. டாக்டர் அனுமதித்திருக்கிறார். மாப்பிள்ளையும் கூட ஏறுகிறாராம்.

நானும் ஊசி போட்டுக்கொள்கிறேன். நந்திக்கு மேலே இருக்கும் படிகளை இன்னும் பார்த்ததில்லை.